ஏபிபியா சேர்ந்தா மருத்துவ மோசடி கேஸ் நடத்த முடியுமா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். மன்னார்குடில ஒரு சீனியர்கிட்ட ஆறு வருஷமா கிரிமினல் சைடு பாக்குறீங்க, டிஎன்பிஎஸ்சி ஏபிபி (மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல அரசுத் தரப்புல கேஸ் நடத்துற உதவி அரசு வக்கீல்) கிரேடு 2 லிஸ்ட்ல பேர் வந்துருச்சு, காப்பீட்டு மோசடி போலி டாக்டர் மாதிரி கேஸுங்கள நடத்தணும்னு ஆசை, ஆனா அமெரிக்காவுல இருக்குற சித்தப்பா பையன் அங்க கவர்மெண்ட் வக்கீலுங்க ஆஸ்பத்திரி மேல கேஸ் போட்டு கோடி கோடியா வாங்குறாங்கன்னு சொன்னதுலேர்ந்து, நம்ம ஊர்ல புதுசா சேர்ற ஏபிபிக்கு அப்படி எதாவது கிடைக்குமா இல்ல குடிச்சுட்டு வண்டி ஓட்டுன கேஸ், சூதாட்ட கேஸ்லயே காலம் போயிடுமான்னு கேட்டுருக்கீங்க. மேலுக்கு அது வேலை பத்தின கேள்வி. உள்ளுக்குள்ள நீங்க கேக்குறது, இந்த நாற்காலில உக்காந்தா ஏமாந்த ஒரு ஏழைக்கு என்னால எதாவது ஆகுமான்னுதான்னு எனக்குப் படுது. அதுக்குத்தான் பதில் எழுதுறேன். நான் டெல்டாவுல மூணு நாலு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல ஏபிபியா இருந்து ரிட்டயர் ஆனவ. செஷன்ஸ் கோர்ட்ல கேஸ் நடத்துனதில்ல, அமெரிக்கா பத்தி படிச்சதுதான், போய்ப் பாத்ததில்ல. அத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல அமெரிக்கா விஷயத்த முடிச்சுடுறேன், ஏன்னா அது உங்கள குழப்புது. அங்க அவங்க கையில இருக்குற பெரிய ஆயுதம் 1863ல உள்நாட்டுப் போர் நேரத்துல ராணுவத்துக்கு மட்டமான சரக்கு வித்த காண்ட்ராக்டர்கள பிடிக்கக் கொண்டுவந்த பொய்க் கோரிக்கைச் சட்டம், ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் ஆக்ட். அது சிவில் வழக்கு. அரசாங்கத்துக்கு ஆன நஷ்டத்த மூணு மடங்கா வாங்கலாம், பொய் பில் ஒவ்வொண்ணுக்கும் தனியா அபராதம் உண்டு, உள்ள வேலை பாக்குற நர்ஸோ பில்லிங் ஆளோ தகவல் கொடுத்து கேஸ் போட்டா வர்ற பணத்துல 15லேர்ந்து 30 சதவீதம் வரைக்கும் அவருக்கே போகும். 2024 நிதியாண்டுல மட்டும் அந்தச் சட்டத்துல 290 கோடி டாலருக்கு மேல வந்துருக்கு, அதுல பாதிக்கு மேல மருத்துவம் சம்பந்தப்பட்டது. சிவில் வழக்குங்குறதால 'நடந்துருக்க வாய்ப்பு அதிகம்'னு காட்டினாலே போதும். நம்மகிட்ட அப்படி ஒரு சட்டம் கிடையாது. இங்க ஒரு ஆஸ்பத்திரி காப்பீட்டுத் திட்டத்துல பொய் பில் போட்டா, திட்டத்துக்காரங்க பணத்த நிறுத்துவாங்க, திருப்பி வாங்குவாங்க, லிஸ்ட்லேர்ந்து தூக்குவாங்க, அதெல்லாம் நிர்வாக நடவடிக்கை, அதுல ஏபிபிக்கு வேலையே இல்ல. போலீஸுக்குப் போய் எஃப்ஐஆர் ஆகி குற்றப்பத்திரிகை வந்தாத்தான் நம்ம டேபிளுக்கு வரும், வந்ததுக்கப்புறம் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். அதனால ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. கேஸ தேர்ந்தெடுக்குற உரிமையும் உங்களுக்கு இல்ல, வர்றத நடத்தணும்.

அப்ப இந்த மாதிரி கேஸ் வருமா? வரும், ஆனா 'மருத்துவ மோசடி'ன்னு மேல எழுதிக்கிட்டு வராது. ஏமாற்றுன்னு 420ல வரும், பொய் ஆவணம்னு வரும், அடிதடி கேஸ்ல வூண்ட் சர்டிபிகேட்டா வரும், ஆஜராகாத எதிரிக்கு 'கடுமையான வைரஸ் காய்ச்சல், 7 நாள் ஓய்வு தேவை'ன்னு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட்டா வரும். நான் சேர்ந்த புதுசுல இதப் புரிஞ்சுக்கல, பெரிய கேஸ் எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் எங்க ஏடிபி, ஏபிபிங்களுக்கு மேல இருக்குற உதவி இயக்குனர், நல்ல மனுஷன், என் முன்னாடி இருந்த ஒரு அடிதடி கேஸ் கட்டைப் பிரிச்சு ஏஆர் காப்பியையும் (அடிபட்டவர் வந்ததும் ஆஸ்பத்திரில எழுதுற பதிவு) வூண்ட் சர்டிபிகேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 'என்ன வித்தியாசம் தெரியுது'ன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியல. ஏஆர்ல இடது கை வீக்கம்னு இருக்கு, சர்டிபிகேட்ல வலது முன்கை எலும்பு முறிவு, கொடுங்காயம்னு இருக்கு, எக்ஸ்ரே நம்பர் போட்டுருக்கு, ஆனா எக்ஸ்ரே ஃபிலிமே கட்டுல இல்ல. சாதா காயம் கொடுங்காயமா மாறினா எதிரி தரப்போட கதியே மாறிடும், அந்த ஒரு வரி எழுதுறதுக்கு என்ன கைமாறியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மருத்துவ ஆவணத்தப் படிக்கிற படிப்ப எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித் தரல, அந்த அடிதடி கட்டுங்கதான் தந்துச்சு. யார் கூட்டிட்டு வந்தா, எத்தன மணிக்கு, எத்தன பேர் அடிச்சதா சொன்னாங்க, எந்த வார்டு, எப்ப டிஸ்சார்ஜ், கேஸ் ஷீட்டும் அட்மிஷன் ரிஜிஸ்டரும் ஒத்துப் போகுதா, இத ஒரு வருஷம் ஒழுங்காப் பாத்தீங்கன்னா பொய் பில் கேஸ் வர்ற அன்னிக்கு உங்களுக்கு பயமே இருக்காது.

இனி நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம். திருட்டுக் கேஸ்ல பறிகொடுத்தவனுக்கு பறிபோனது தெரியும். இந்தக் கேஸ்ல ஏமாந்தவங்களுக்கே ஏமாந்தது தெரியாது. அதோட, ஏமாத்துன ஆள் மேல அவங்களுக்கு நன்றியும் இருக்கும். இத புரிஞ்சுக்காம கேஸ் நடத்தப் போனா முதல் சாட்சிலயே விழுந்துடுவீங்க.

ஒரு கேஸ் சொல்றேன். ஊர், ஆஸ்பத்திரி எதுவும் வேணாம். நடவு வேலைக்குப் போற ஒரு அம்மா, அறுபது தாண்டியிருக்கும். ஊர் மாரியம்மன் கோயில் மண்டபத்துல இலவச முகாம்னு வந்தாங்க, சர்க்கரை பாத்தாங்க, பிரஷர் பாத்தாங்க, 'உங்களுக்கு உடம்பு வீக்கா இருக்கு ஆத்தா, ரெண்டு நாள் இருந்து குளுக்கோஸ் ஏத்திக்குங்க, ஒரு பைசா செலவில்ல'ன்னு வேன்ல ஏத்திட்டுப் போனாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய ஜெராக்ஸ் எடுக்கணும்னு வாங்கிக்கிட்டாங்க, நாலஞ்சு பேப்பர்ல கைநாட்டு வாங்குனாங்க, பச்சை அங்கி போட்டு படுக்க வச்சு ஒரு போட்டோ எடுத்தாங்க. ரெண்டு நாள் இட்லி, சாப்பாடு, குளுக்கோஸ். போறப்ப வழிச்செலவுக்கு முந்நூறு ரூபாய். அவ்வளவுதான். ஆத்தா சந்தோஷமா ஊருக்கு வந்துட்டாங்க. 2012 ஜனவரில ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல அப்ப ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு லட்ச ரூபாய்தான் பொதுவான வரம்பு, இப்ப இருக்குற மாதிரி அஞ்சு லட்சம் கிடையாது. சில மாசம் கழிச்சு அவங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்து தஞ்சாவூருக்குத் தூக்கிட்டு ஓடுறாங்க, அங்க காப்பீட்டு கவுண்டர்ல அட்டைய போட்டுப் பாத்துட்டு 'இந்த வருஷம் ஏற்கனவே எடுத்துட்டீங்களே, பித்தப்பை ஆபரேஷன் ஆயிருக்கே'ங்குறாங்க. காலேஜ் படிக்கிற பேரன் கூட நின்னான். 'அப்பாயிக்கு எப்ப ஆபரேஷன் ஆச்சு'ன்னு அவன் கேட்ட ஒரு கேள்விதான் இந்த கேஸோட ஆரம்பம். திங்கக்கிழமை குறைதீர்ப்பு நாள்ல கலெக்டர்கிட்ட மனு கொடுத்தான், அது எஸ்பி ஆபீஸ் போயி மாவட்டக் குற்றப்பிரிவுல எஃப்ஐஆர் ஆச்சு.

அந்த ஆத்தா கூண்டுல ஏறி நின்னப்ப நான் ஆரம்பிச்ச விதமே தப்பு. 'உங்கள ஏமாத்துனாங்களா'ன்னு கேட்டுட்டேன். 'இல்லம்மா, அந்த டாக்டர் தம்பி தங்கமானவரு, ரெண்டு நாள் நல்லா பாத்துக்கிட்டாரு'ன்னு சொல்லிட்டாங்க. எதிர்த்தரப்பு வக்கீல் முகத்துல சிரிப்பு. போலீஸ்காரர் பின்னாடி நின்னுக்கிட்டு 'மேடம், பிறழ் சாட்சின்னு டிக்ளேர் பண்ணிடுங்க'ங்குறாரு. அவங்க பிறழல, தம்பி. அவங்களுக்குத் தெரிஞ்ச உண்மைய சொன்னாங்க. செத்த நேரம் நின்னு யோசிச்சுட்டு வேற மாதிரி கேட்டேன். மயக்க ஊசி போட்டாங்களா ஆத்தா? இல்லம்மா. வயித்துல கத்தி வச்சாங்களா? ஐயய்யோ இல்லம்மா. தையல் பிரிக்க திரும்பப் போனீங்களா? எதுக்கும்மா தையலு? வயித்துல தழும்பு எதாவது இருக்கா? புள்ள பெத்த வயிறுதாம்மா, வேற ஒண்ணுமில்ல. நாலு கேள்வி, நாலு பதில், மாஜிஸ்ட்ரேட் பேனாவ நிறுத்தி நிமிந்து பாத்தாரு. ஏழை சாட்சிகிட்ட முடிவக் கேக்காதீங்க, உடம்புக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. மோசடியா இல்லையாங்குறது ஆவணத்தையும் அந்தப் பதிலையும் பக்கத்துல வச்சு நீங்க வாதத்துல சொல்ல வேண்டியது.

ஆவணத்துக்கு வர்றேன். பில்லுல பித்தப்பைய எடுத்தாச்சுன்னு இருக்கு. விசாரணை அதிகாரி கெட்டிக்காரரு, அந்த அம்மா சம்மதத்தோட அரசு ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்க வச்சாரு. பித்தப்பை பத்திரமா உள்ள இருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்னு நெனப்பீங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். குறுக்கு விசாரணைல ஸ்கேன் டாக்டர்கிட்ட ஒரே கேள்வி: 'உங்க ரிப்போர்ட்ல பேரும் வயசும் மட்டும்தான் இருக்கு, அங்க அடையாளம் எழுதலையே, நீங்க ஸ்கேன் எடுத்தது இதோ நிக்கிற இந்த அம்மாவுக்குத்தான்னு எப்படிச் சொல்றீங்க?' டாக்டர் ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேர பாக்குறவரு, ஞாபகமில்லைன்னு நேர்மையா சொல்லிட்டாரு. கேஸ் கையவிட்டுப் போறது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. அப்புறம் சாட்சிய திரும்ப அழைக்கிற 311ல மனு போட்டு, இப்ப புது குற்ற நடைமுறைச் சட்டம் பிஎன்எஸ்எஸ்ல அது 348, திரும்ப ஸ்கேன் எடுத்து, ரெண்டு மச்ச அடையாளம், ஆதார் நம்பர், கூட்டிட்டு வந்த பெண் போலீஸ் பேர் எல்லாம் எழுதி வாங்கி, அந்த டாக்டர திரும்ப அழைச்சு மார்க் பண்ணினோம். ஏழு மாசம் கூடுதலா போச்சு. அதனால குற்றப்பத்திரிகைக்கு முன்னாடி போலீஸ் உங்ககிட்ட ஒப்பீனியனுக்கு கட்டு அனுப்புறப்பவே, மருத்துவ ரிப்போர்ட்ல ஆளோட அடையாளம் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அப்பவே எழுதி வாங்கச் சொல்லுங்க.

அந்தக் கேஸ்ல முகாம் ஏஜென்டுக்கும் பில்லிங் ஆளுக்கும் தண்டனை ஆச்சு. டாக்டர் வெளிய போயிட்டாரு. அவரு லாகின்லதான் ஆபரேஷன் விவரம் ஏத்தியிருக்கு, ஆனா 'என் பாஸ்வேர்ட் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்'ன்னுட்டாரு. எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து, எத்தன மணிக்குன்னு சர்வர் பதிவு இருந்துச்சு, ஆனா அதுக்கு 65பி சான்றிதழ்ல (எலக்ட்ரானிக் ஆவணத்த சாட்சியமா ஏத்துக்கக் கொடுக்குற சான்றிதழ்) கையெழுத்து போட்டவரு அந்த சர்வருக்கு எந்த சம்பந்தமும் இல்லாத உள்ளூர் ஒருங்கிணைப்பாளர். 2014ல அன்வர் வழக்குலயே சுப்ரீம் கோர்ட் சான்றிதழ் இல்லாம எலக்ட்ரானிக் ஆவணத்த ஏத்துக்க முடியாதுன்னு சொல்லிருச்சு, நான் சான்றிதழ் இருக்கான்னு பாத்தேன், யார் கொடுத்ததுன்னு பாக்கல. அது என் மேல உள்ள தப்பு, இன்னிக்கும் மனசுல உறுத்துது. 2020ல அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு வந்து, விசாரணை முடியுறதுக்குள்ள சரியான சான்றிதழ வரவழைக்கலாம்னு தெளிவாக்கிருச்சு, ஆனா எங்க கேஸ் அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. இப்ப புது சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவு, சான்றிதழ் ரெண்டு பாகம், ஒண்ணு கருவிய வச்சிருக்குறவங்க கொடுக்கணும், இன்னொண்ணு நிபுணர் கொடுக்கணும், ஃபைல யாரும் மாத்தலன்னு காட்டுற ஹாஷ் மதிப்பு எழுதணும். மருத்துவக் காப்பீடு முழுக்க கம்ப்யூட்டர்லதான் நடக்குது, முன் அனுமதி, போட்டோ, டிஸ்சார்ஜ், பணம் எல்லாமே. அதனால இந்த ஒரு பிரிவுல நீங்க புலியா இருக்கணும்.

சட்டப் பிரிவு குழப்பம் கொஞ்ச காலம் இருக்கும். 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு பழைய தண்டனைச் சட்டம் ஐபிசிதான், அன்னிலேர்ந்து நடந்ததுக்கு புது சட்டம் பிஎன்எஸ். 420 இப்ப 318(4), ஆள்மாறாட்ட ஏமாற்று 419 இப்ப 319(2), ஏமாத்துறதுக்காகப் பொய் ஆவணம் செய்யுறது 468 இப்ப 336(3), பொய் ஆவணத்த உண்மைன்னு பயன்படுத்துறது 471 இப்ப 340(2). ரெண்டு பக்கமும் நாக்கு நுனில இருக்கணும், ஏன்னா காலைல ஒரு கட்டு பழசு, மத்தியானம் ஒரு கட்டு புதுசுன்னு வரும்.

போலி டாக்டர் கேஸ் பத்தி தனியா கேட்டுருக்கீங்க. டெல்டாவுல இது அதிகமா வர்ற ரகம், அதுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. மருத்துவ நலப்பணி இணை இயக்குனர் டீம் போயி மெடிக்கல் ஷாப் பின்கட்டுல கட்டில், டிரிப் ஸ்டாண்டு, டெக்ஸாங்குற ஸ்டீராய்டு ஊசி ஆம்பியூல் எல்லாத்தையும் கைப்பத்தி மகஜர் போட்டு போலீஸ்ல புகார் கொடுப்பாங்க, போலீஸ் 419, 420 போட்டு குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணிடுவாங்க. விசாரணைக்கு வந்தா நோயாளிங்க என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'அவரு டாக்டருக்குப் படிக்கலன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்ங்க, ஆனா கைராசிக்காரரு.' அதோட 420 போச்சு. ஏமாத்துறதுன்னா ஒருத்தர் பொய்ய நம்பணும். நம்பலைன்னா ஏமாற்று எங்க? அப்ப கையில நிக்கிறது பதிவு இல்லாம வைத்தியம் பாத்த குத்தம், 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34வது பிரிவு, ஒரு வருஷம் வரைக்கும் சிறை அல்லது அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம் அல்லது ரெண்டும். ஆனா அதுக்கு அதிகாரம் பெற்ற அதிகாரி எழுத்துல கோர்ட்டுக்குப் புகார் கொடுத்தாத்தான் கோர்ட் எடுத்துக்க முடியும்னு அந்தச் சட்டமே சொல்லுது, வெறும் போலீஸ் குற்றப்பத்திரிகை போதாது. அதே மாதிரி மருந்து, அழகுசாதனச் சட்டத்துல நாலாவது அத்தியாயக் குத்தத்துக்கு போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது, மருந்து ஆய்வாளர் மாதிரி அந்தச் சட்டம் சொல்ற ஆளுங்கதான் வழக்குப் போடணும்னு 2020ல அசோக் குமார் சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. எஸ்ஐ ஆர்வத்துல எல்லாப் பிரிவையும் வரிசையா எழுதிட்டு வருவாரு, அத அப்படியே விட்டீங்கன்னா ரெண்டு வருஷம் கழிச்சு ஹைகோர்ட்ல ரத்து ஆகும். எழுதி அனுப்புங்க: இதுக்கு தனிப் புகார் வேணும், அந்த அதிகாரிக்குக் கடிதம் போடுங்கன்னு.

ஊர்க்காரங்க வந்து நிக்கிறதையும் பாப்பீங்க. எனக்கு ஒரு கேஸ்ல கோர்ட் புங்கமரத்தடில முப்பது பேர், பொம்பளைங்க இடுப்புல புள்ளையோட, அந்த ஆள விட்டுருங்கன்னு கேக்க வந்துட்டாங்க. 'ராத்திரி ரெண்டு மணிக்கு புள்ளைக்கு இழுப்பு வந்தா எங்கம்மா போறது, பஸ்ஸு கிடையாது, அவருதான் டிவிஎஸ்ல வந்து ஊசி போடுவாரு'ன்னு ஒரு பொண்ணு கேட்டப்ப எனக்குப் பேச்சு வரல. அவங்க சொன்னது நெசம். அந்த ஆளு தேவைக்கு மேல ஸ்டீராய்டு ஊசி போட்டு நாலஞ்சு பேருக்கு சர்க்கரை ஏறிப்போயி ஒருத்தருக்கு கால் விரல எடுத்ததும் நெசம். அந்தக் கால் விரல் போன மனுஷனும் அதே கூட்டத்துல நின்னாரு, அதுதான் என்ன ரொம்ப நாள் தூங்கவிடல. கேஸ நடத்துனேன், தண்டனையும் ஆச்சு. ஆனா அதோட நிக்காம அந்த ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி டாக்டர் இல்லாதது பத்தி என் வாதத்துலயே சொன்னேன், மாஜிஸ்ட்ரேட் தீர்ப்புல ஒரு பத்தி எழுதுனாரு. அதுனால ஊருக்கு டாக்டர் வந்தாரான்னா, வந்தாரு, ஆனா எங்க தீர்ப்பாலதான்னு நான் சொல்லிக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இருக்குற எல்லாத் தப்பும் மோசடி இல்லங்குறதையும் சேர்த்து சொல்லணும், புதுசா வர்றவங்க அதிகமா தடுக்கி விழுறது இங்கதான். ஒரு பிரசவக் கேஸ் கட்டு ஒப்பீனியனுக்கு வந்துச்சு, தியேட்டர் ரிஜிஸ்டர்ல ஆபரேஷன் ஆரம்பிச்ச நேரம் அட்மிஷன் நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னாடி இருந்துச்சு. இன்ஸ்பெக்டருக்கு அதுவே பெரிய ஆதாரம். நான் டூட்டி நர்ஸோட வாக்குமூலத்தப் படிச்சேன், தாய் ரத்தம் கொட்டக் கொட்ட வந்துருக்கு, நேரா தியேட்டருக்குள்ள தூக்கிட்டு ஓடிட்டாங்க, அட்மிஷன் சீட்டு பின்னாடி போட்டுருக்காங்க. மோசடிக்கு கேஸ் இல்லைன்னு எழுதினேன். ஏமாற்றுக் குத்தத்துக்கு ஆரம்பத்துலயே கெட்ட எண்ணம் இருந்ததக் காட்டணும், 2000ல ஹிருதய ரஞ்சன் வழக்குல சுப்ரீம் கோர்ட் இத சொல்லிருச்சு. டாக்டரோட கவனக்குறைவு வேற விஷயம், அதுக்கு 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி சார்பில்லாத இன்னொரு டாக்டரோட கருத்து வாங்கிட்டுத்தான் போலீஸ் மேல போகணும். இது ரெண்டையும் கலந்து ஒரு குற்றப்பத்திரிகை வந்தா ரெண்டுமே தோத்துப்போகும். உங்க ஒப்பீனியன் போலீஸ கட்டுப்படுத்தாது, விசாரணை அவங்க வேலை, வழக்கு நடத்துறது நம்ம வேலை, இத சுப்ரீம் கோர்ட் 2000ல சரளா வழக்குல பிரிச்சு வச்சிருச்சு. ஆனாலும் நல்ல இன்ஸ்பெக்டர் கேப்பாரு. கேக்காதவரு கேஸ் உங்ககிட்டயே தோக்குறப்ப அடுத்த தடவ கேப்பாரு.

எனக்கு உறுதியாத் தெரியாத ஒண்ணையும் சொல்லிடணும். எனக்கு வந்த காப்பீட்டுக் கேஸ்ங்கள்ல எல்லாத்துலயும் முதல் கண்ணி முகாம் ஏஜென்டுதான், டாக்டர் ரெண்டாவது மூணாவது ஆளாத்தான் இருந்தாரு. எல்லா ஊர்லயும் அப்படித்தான்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல, கைக்கு வந்தது ஒரு கைப்பிடிதான். ஏஜென்ட பிடிக்கிறது சுலபம், அதனாலயே அவன் மட்டும் மாட்டுறானோங்குற சந்தேகமும் எனக்கு உண்டு.

அன்றாட வேலை எப்படி இருக்கும்னா, கஷ்டம். ஒரு ஏபிபிக்கு ரெண்டு கோர்ட்டு, ஆள் இல்லைன்னா இன்சார்ஜ்ல மூணாவதும் சேரும். காலைல கட்டு தூக்கிட்டு பஸ் ஏறணும். நடவு அறுவடை நேரத்துல சாட்சி வரமாட்டாங்க, ஒரு நாள் கூலி போச்சுன்னா அடுத்த நாள் அடுப்பெரியாத வீடு அது, அவங்களுக்கு பேட்டா கொடுக்க மனு போடுங்க, சம்மன் போடுறப்பவே கோர்ட் கான்ஸ்டபிள்கிட்ட சொல்லி வேலையில்லாத நாளா வாய்தா கேளுங்க. மேல ஹைகோர்ட் போறதும் நம்ம பக்கம் ஒரு விசித்திரம், கும்பகோணத்துலேர்ந்து வலங்கைமான் பத்து கிலோமீட்டர் சுமார்தான், ஆனா கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம், ரத்து மனு மதுரைக் கிளைக்குப் போகும், வலங்கைமான் திருவாரூர் மாவட்டம், அது சென்னைக்குப் போகும். ஒரே கும்பல் ரெண்டு ஊர்லயும் முகாம் போட்டு மாட்டுனா ரெண்டு ஹைகோர்ட் கிளைலயும் தடை வாங்கப் பாப்பாங்க, எந்தக் கட்டுல எங்க தடை இருக்குன்னு தேதியோட எழுதி வச்சுக்குங்க, இல்லைன்னா தடை முடிஞ்சது தெரியாமலே கேஸ் வருஷக்கணக்கா தூங்கும்.

சின்ன ஊருங்குறதால இன்னொரு சங்கடமும் வரும். எதிரி டாக்டர் உங்க சொந்தக்காரருக்கு வைத்தியம் பாத்தவரா இருப்பாரு, இல்ல உங்க பொண்ணு பிரசவத்துக்கு அவரு மனைவிகிட்டதான் போயிருப்பீங்க. எனக்கு ஒரு தடவ வந்துச்சு, அன்னிக்கே ஏடிபிக்கு எழுதிக் கொடுத்துட்டு வேற ஏபிபிய போடச் சொல்லிட்டேன். யாரும் கேக்குறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடணும். அதே மாதிரி, எதிரிக்கு சாதகமான காகிதம் கட்டுல இருந்தா அத மறைக்காதீங்க. 1999ல சிவகுமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, எப்படியாவது தண்டனை வாங்கணும்ங்குற வெறி அரசு வக்கீலுக்கு இருக்கக் கூடாது, எதிரிக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் அவரே எடுத்துக் கொடுக்கணும்னு. நான் அத நம்புறேன். அந்த பிரசவக் கேஸ் டாக்டர நான் வீணா இழுத்திருந்தா, அடுத்த தடவ ரத்தம் கொட்டிக்கிட்டு வர்ற பொண்ண முதல்ல சீட்டு போட்டுட்டு வான்னு சொல்லியிருப்பாங்க.

அப்ப சேரலாமான்னா, சேருங்க தம்பி. அஞ்சு வருஷ பிராக்டிஸ் முடிச்சுட்டுத்தான் இந்த லிஸ்டுக்கே வர முடியும், அந்த அஞ்சு வருஷத்துல எதிர்த்தரப்பு எந்த ஓட்டைல நுழையும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அந்த அறிவ இந்தப் பக்கம் கொண்டு வாங்க. போஸ்டிங் வந்ததும் முதல் வேலையா அந்தக் கோர்ட்ல நிலுவைல இருக்குற 420, 468 கட்டுங்கள பெஞ்ச் கிளார்க்கிட்ட கேட்டு எடுத்து, அதுல ஆஸ்பத்திரி காகிதம் இருக்குறத மட்டும் தனியா வைங்க, நாலஞ்சாவது தேறும். அந்த ஆத்தா கேஸ் தீர்ப்பு அன்னிக்கு அவங்களும் பேரனும் வந்துருந்தாங்க, ஏஜென்டுக்கு தண்டனைன்னு சொன்னது அவங்களுக்குப் பெருசா புரியல, என் கையப் பிடிச்சுக்கிட்டு 'அப்ப எங்க கார்டுல எடுத்த பணத்த திரும்பப் போட்டுடுவாங்களாம்மா'ன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. வீட்டுக்காரர் அதுக்குள்ள போயிச் சேந்துட்டாரு. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டால அத செய்ய முடியாது, ஆனா அந்த வாரமே திட்டத்தோட மாவட்ட அலுவலகத்துக்கு தீர்ப்பு நகல வச்சு பொய்க் கோரிக்கைய அவங்க கணக்குலேர்ந்து நீக்கச் சொல்லி பேரன விட்டு மனு எழுத வச்சேன். நீங்க தீர்ப்பு வரைக்கும் காத்திருக்காதீங்க, கட்டு கையில வந்த அன்னிக்கே அந்த மனுவப் போடச் சொல்லுங்க.